குட்டித் திரை எரியவில்லையா? தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்கள்

போன மாதம் அக்கா மகன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தான். "மாமா, டிஸ்ப்ளே செத்துப்போச்சு. புதுசு வாங்கணும்" என்றான். பெட்டிக்குள் ஆர்டுயினோ உனோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்று, 0.96 அங்குல ஓஎல்இடி திரை, நாலு ஜம்பர் வயர். திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நாலு பின்களும் துளைக்குள் சும்மா செருகி நின்றன, சாலிடர் வைக்கவே இல்லை. எல்லாவற்றையும் மாட்டிக் கரண்ட் கொடுத்துவிட்டு, திரையை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். எழுத்து வந்தது. விரலை எடுத்தேன், போய்விட்டது. பையன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் திரையில் வந்ததைவிட அதிகம்.

புதிதாக எலக்ட்ரானிக்ஸ் கற்பவர்கள் "செத்துவிட்டது" என்று ஒதுக்கும் திரைகளில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன. கோளாறு வயரில் இருக்கும், சாலிடரில் இருக்கும், முகவரியில் இருக்கும், லைப்ரரியில் (திரையை ஓட்ட யாரோ எழுதிவைத்த ப்ரோகிராம் தொகுப்பில்) இருக்கும். கண்ணாடியில் இருப்பது அபூர்வம். ஆனால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை வேண்டும். ஒரே நேரத்தில் வயரையும் மாற்றி, லைப்ரரியையும் மாற்றி, கோடையும் (நாம் எழுதும் ப்ரோகிராமையும்) மாற்றினால், திரை எரிந்தாலும் எதனால் எரிந்தது என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கையில் இருப்பது எந்தத் திரை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் பாதி நாள் வீணாகும். புதியவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு. ஒன்று, பச்சை அல்லது நீலப் பின்னணியில் ஒரு வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி காட்டும் 16x2 எல்சிடி. இதை ஓட்டுவது எச்டி44780 என்ற ஹிட்டாச்சி சிப், அல்லது அதன் வழிவந்த ஒரு சிப். இன்னொன்று, 128x64 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி. 0.96 அங்குலம் என்றால் உள்ளே பெரும்பாலும் எஸ்எஸ்டி1306 சிப் இருக்கும், 1.3 அங்குலம் என்றால் பெரும்பாலும் எஸ்எச்1106. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே கோடு சரிவராது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, பின்களை எண்ணுங்கள். நாலு பின் இருந்து அவற்றில் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்று எழுதியிருந்தால் அந்த ஓஎல்இடி ஐ2சி முறையில் பேசும், அதாவது எஸ்டிஏ தகவல் வயர், எஸ்சிஎல் கடிகார வயர் என்று இரண்டே வயரில். ஏழு பின் இருந்தால் பெரும்பாலும் அதிக வயர் கேட்கும் எஸ்பிஐ என்ற வேறு முறை. இங்கே ஒரு குழி இருக்கிறது. சில கலர் டிஎஃப்டி திரைகளிலும் எஸ்சிஎல், எஸ்டிஏ என்றே அச்சிட்டிருப்பார்கள், ஆனால் அவை பேசுவது எஸ்பிஐ. கூடவே டிசி, ஆர்இஎஸ், சிஎஸ் போன்ற பின்கள் இருந்தால் அது ஐ2சி அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பின் ஓஎல்இடியில் டி0, டி1 என்று இருப்பதும் அப்படித்தான். டி0 கடிகார வயர், டி1 தகவல் வயர். இது தெரியாமல் அவற்றை ஐ2சி பின்களில் மாட்டினால் எத்தனை நாள் தேடினாலும் திரை பதில் சொல்லாது.

கரண்டும் வயரும்

வயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஓஎல்இடியின் பின் வரிசையைக் கண்ணால் படியுங்கள். இணையத்தில் பார்த்த படத்தை நம்பாதீர்கள். சில திரைகளில் ஜிஎன்டி (கரண்டின் மைனஸ்) முதலில், விசிசி (பிளஸ்) அடுத்து. வேறு சிலவற்றில் விசிசி முதலில், ஜிஎன்டி அடுத்து. அளவும் நிறமும் ஒன்றாக இருந்தாலும் இது மாறும். நானே ஒரு தடவை பழைய திரையைக் கழற்றிவிட்டு, வயரை அப்படியே புதிய திரையில் செருகினேன். சில நொடிகளில் விரல் வைக்க முடியாத சூடு. அது தப்பிக்கவில்லை. அன்றிலிருந்து புதுத் திரை எது வந்தாலும் கரண்ட் கொடுத்த உடனே விரல் நுனியால் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். சுடுகிறது என்றால் உடனே பிடுங்க வேண்டும். யோசிப்பதெல்லாம் அப்புறம்.

சாலிடர் பற்றி ஏற்கெனவே சொன்னேன். பின்னைத் துளையில் செருகினால் தொட்டுக்கொண்டுதானே இருக்கும் என்று தோன்றும். தொடும், விடும், மறுபடி தொடும். நாலு பின்னுக்கும் சாலிடர் வைத்தே ஆக வேண்டும். நல்ல சாலிடர் பளபளப்பாக, பின்னைச் சுற்றி சின்னக் கூம்பு போல ஏறி நிற்கும். உருண்டை போல மேலே குந்தியிருந்தால் அது பிடிக்கவில்லை. சாலிடரிங் அயர்ன் நுனியைப் பின்னிலும் போர்டின் வட்டத்திலும் ஒருசேர வைத்து, இரண்டு நொடி சூடேற்றி, அப்புறம் ஈயக்கம்பியைத் தொடுங்கள். ஈயம் தானாக ஓடிப் படியும்.

பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் வயரைச் செருகும் துளைப் பலகையில்) இன்னொரு மறைவான கோளாறு உண்டு. நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீல மின்வரிசை நடுவில் துண்டாகி இருக்கும். கோடு நடுவில் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடது பாதியில் 5 வோல்ட் கொடுத்துவிட்டு வலது பாதியில் திரையை மாட்டினால் அங்கே எதுவும் வராது. மல்டிமீட்டர் இருந்தால் திரையின் விசிசி, ஜிஎன்டி பின்களின் மேலேயே முனைகளை வைத்து, கரண்ட் கொடுத்து அளந்து பாருங்கள். ஆர்டுயினோ பக்கத்தில் அளந்தால் போதாது. திரையின் காலடியில் 5 அல்லது 3.3 வோல்ட் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. ஜம்பர் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் பீப் சத்தம் வைத்துச் சோதியுங்கள். சோதிக்கும்போது வயரை லேசாக வளைத்துப் பாருங்கள், உள்ளே அறுந்த வயர் அப்போதுதான் மாட்டும்.

எந்தப் பின்னில் மாட்டுவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். உனோ, நானோ போர்டுகளில் எஸ்டிஏ என்பது ஏ4, எஸ்சிஎல் என்பது ஏ5. மெகாவில் அது 20, 21. உனோவுக்கான படத்தைப் பார்த்து மெகாவில் ஏ4, ஏ5-இல் மாட்டினால் வேலை செய்யாது. நோட்எம்சியுவில் எஸ்டிஏ டி2, எஸ்சிஎல் டி1. சாதாரண இஎஸ்பி32 போர்டில் 21, 22.

இஎஸ்பி32 பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 16x2 எல்சிடியின் முதுகில் இருக்கும் ஐ2சி போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால், அதிலுள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். சிலருக்கு அப்படியே ஓடும், ஆனால் அதை நம்பிப் பழகாதீர்கள். நடுவே வோல்ட்டை மாற்றித் தரும் ஒரு லெவல் கன்வெர்ட்டர் போடுங்கள். எல்சிடிக்கே 3.3 வோல்ட் கொடுத்துவிடலாமே என்று நினைத்தால், 5 வோல்ட் எல்சிடியில் எழுத்து தெரியாத அளவுக்குக் கண்ட்ராஸ்ட் குறைந்துவிடும்.

திரையைக் கூப்பிட்டுப் பாருங்கள்

ஐ2சி திரைக்கு ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியில் கூப்பிட்டால்தான் பதில் சொல்லும். என்ன முகவரி என்று ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடலாம். ஆர்டுயினோ மென்பொருளில் வயர் லைப்ரரியின் உதாரணங்களுக்குள் ஐ2சி ஸ்கேனர் என்ற சின்ன ப்ரோகிராம் இருக்கும். அதை ஏற்றி, போர்டு அனுப்பும் எழுத்தைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறங்கள். கோடில் வேகம் 9600 என்று இருந்தால் மானிட்டரிலும் 9600 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்டபடி குறிகள்தான் வரும்.

இந்த ஸ்கேனர்தான் முழு வேலையின் திருப்புமுனை. முகவரி வந்தால் கரண்ட், வயர், சாலிடர் பெரும்பாலும் சரி (எல்சிடியில் பதில் சொல்வது முதுகுப் போர்டு மட்டும்தான்). இனி கோடில் தேடுங்கள். முகவரி வரவில்லை என்றால் கோடைத் தொடவே தொடாதீர்கள், கோளாறு இன்னும் வயரில்தான் இருக்கிறது. எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டும் இடம் மாறியிருக்கலாம். மாற்றி மாட்டுவதால் எதுவும் கெடாது, ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

வரும் எண் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும் (0எக்ஸ் என்று தொடங்கினால் அது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எழுதிய எண்). ஓஎல்இடிக்கு 0எக்ஸ்3சி, சில சமயம் 0எக்ஸ்3டி. எல்சிடியின் முதுகுப் போர்டுக்கு 0எக்ஸ்27 அல்லது 0எக்ஸ்3எஃப். அந்தப் போர்டில் பிசிஎஃப்8574 சிப் இருந்தால் 0எக்ஸ்20 முதல் 0எக்ஸ்27 வரை, பிசிஎஃப்8574ஏ என்றால் 0எக்ஸ்38 முதல் 0எக்ஸ்3எஃப் வரை.

ஓஎல்இடியின் முதுகில் 0எக்ஸ்78 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதையே கோடில் எழுதுபவர்கள் ஏராளம். அது தப்பு அச்சு அல்ல. எழுதுவதா படிப்பதா என்று சொல்லும் ஒரு பிட்டையும் சேர்த்து எட்டு பிட்டாக எழுதியிருக்கிறார்கள். ஆர்டுயினோ ஏழு பிட்டைத்தான் கேட்கும். பதினாறு அடிப்படைக் கணக்கில் பாதியாக்கினால் போதும்: 0எக்ஸ்78-இல் பாதி 0எக்ஸ்3சி, 0எக்ஸ்7ஏ-இல் பாதி 0எக்ஸ்3டி.

16x2 எல்சிடி என்ன சொல்கிறது

எல்சிடியிடம் ஒரு நல்ல குணம், அது எந்த நிலையில் நிற்கிறது என்று முகத்திலேயே காட்டிவிடும்.

பின்வெளிச்சம் எரிகிறது, ஆனால் ஒரு எழுத்தும் இல்லை. பயப்படாதீர்கள், முதுகுப் போர்டில் இருக்கும் சின்ன நீலப் பெட்டியைப் பாருங்கள். அதன் தலையில் கூட்டல் குறி போல ஒரு திருகு இருக்கும். அதுதான் கண்ட்ராஸ்ட். சின்ன ஸ்குரூ டிரைவரை வைத்து மெதுவாகத் திருகுங்கள், கண் திரையிலேயே இருக்கட்டும். ஒரு முனையில் திரை முழுக்க வெறுமை, மறுமுனையில் கறுப்புக் கட்டங்கள். நடுவில் மிகக் குறுகிய ஓர் இடத்தில்தான் எழுத்து தெளிவாக நிற்கும். வேகமாகத் திருகினால் அந்த இடத்தைத் தாண்டிவிடுவீர்கள். முதுகுப் போர்டு இல்லாமல் நேராக மாட்டியிருந்தால் மூன்றாம் பின்தான் கண்ட்ராஸ்ட். 5 வோல்ட் திரையில் அந்தப் பின்னில் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் எழுத்து தெரியும்.

மேல் வரியில் மட்டும் 16 கறுப்புக் கட்டங்கள், கீழ் வரி காலி. இது கோளாறுபோலத் தெரிந்தாலும் நல்ல செய்தி. கரண்ட் வந்ததும் எச்டி44780 ஒரு வரித் திரையாகத்தான் விழித்துக்கொள்கிறது. நம் கோடு வந்து "நீ இரண்டு வரித் திரை" என்று சொல்லும்வரை அப்படியே காத்திருக்கும். ஆக, திரை உயிரோடு இருக்கிறது, கண்ட்ராஸ்ட்டும் சரி, ஆனால் உங்கள் கட்டளை போய்ச் சேரவில்லை. முகவரி தப்பாக இருக்கலாம், கோடில் தொடக்கக் கட்டளை விட்டுப் போயிருக்கலாம். லிக்விட்கிறிஸ்டல் ஐ2சி என்ற பெயரில் பலர் எழுதிய லைப்ரரிகள் உலவுகின்றன. சிலவற்றில் தொடக்கக் கட்டளை இனிட், சிலவற்றில் பிகின். உங்களிடம் இருக்கும் லைப்ரரியோடு வந்த உதாரணத்தைத் திறந்து அதில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் எச்டி44780 என்ற பெயரிலேயே ஒரு லைப்ரரி இருக்கிறது. அது முகவரியையும் உள்வயர் அமைப்பையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். புதியவர்களுக்கு நான் தருவது அதைத்தான்.

எழுத்து மங்கலாகத் தெரிகிறது, பின்வெளிச்சம் இல்லை. முதுகுப் போர்டின் ஓரத்தில் இரண்டு பின்னை இணைக்கும் சின்னக் கறுப்புத் தொப்பி ஒன்று இருக்கும். அது கழன்று விழுந்திருக்கும். மேசைக்கு அடியில் தேடுங்கள்.

ஓஎல்இடி ஏன் மௌனமாக இருக்கிறது

ஓஎல்இடிக்குப் பின்வெளிச்சம் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. அதனால் கட்டளை வராத திரையும் செத்த திரையும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டும் கறுப்பு. பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்கேனரில் முகவரி வருகிறதா என்று பார்க்காமல் ஓஎல்இடியைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

முகவரி வருகிறது, கோடும் ஏறுகிறது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, ஆனால் திரை கறுப்பு. முதலில் கோடில் இருக்கும் முகவரியை ஸ்கேனர் சொன்னதோடு ஒப்பிடுங்கள். அடாஃப்ரூட் எஸ்எஸ்டி1306 லைப்ரரியின் 128x64 உதாரணத்தில் 0எக்ஸ்3டி என்று இருக்கும். நம் கையில் இருக்கும் மலிவான திரைகளில் பெரும்பாலும் 0எக்ஸ்3சி. இதில் தொல்லை என்னவென்றால், அந்த லைப்ரரி திரை பதில் சொல்கிறதா என்று பார்ப்பதில்லை. தப்பான முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கும், எல்லாம் நல்லபடி நடப்பதாக நாமும் நினைப்போம்.

"அலொகேஷன் ஃபெயில்ட்" என்று சீரியல் மானிட்டரில் வந்தால் அது வேறு கதை. அது திரையின் குறை அல்ல, நினைவகம் போதவில்லை. கணக்கைப் பாருங்கள்: 128 பெருக்கல் 64 என்பது 8192 புள்ளி. எட்டால் வகுத்தால் 1024 பைட். உனோவிடம் (ஆர்3 வரை) மொத்தமே 2048 பைட் ராம்தான். பாதியைத் திரையே எடுத்துக்கொள்கிறது. இந்த 1024 பைட் ப்ரோகிராம் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஒதுக்கப்படுகிறது. அதனால் கோடு ஏற்றும்போது கீழே காட்டும் நினைவகக் கணக்கில் அது வராது. "இன்னும் 40 சதவீதம் இருக்கிறதே" என்று பார்த்து ஏமாறாதீர்கள். அச்சிடும் வாக்கியங்களை எஃப் என்று எழுதி அடைப்புக்குள் போட்டால் அவை ராமுக்கு வராமல், ப்ரோகிராம் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே இருக்கும். அதுவும் போதவில்லை என்றால் யு8ஜி2 லைப்ரரியில் திரையைத் துண்டு துண்டாக வரையும் பக்க முறை இருக்கிறது.

இன்னும் இரண்டு சின்ன மறதிகள். எழுதியதெல்லாம் முதலில் நினைவகத்தில்தான் சேரும். டிஸ்ப்ளே என்ற கட்டளையைக் கடைசியில் கொடுத்தால்தான் அது கண்ணாடிக்கு வரும். அடுத்தது எழுத்தின் நிறம். வெள்ளை என்று சொல்லாவிட்டால் எழுத்து வரையப்படாது.

திரை முழுக்க மாவு தூவியதுபோல் புள்ளிகளா? அல்லது படம் வருகிறது, ஆனால் ஓரத்தில் இரண்டு புள்ளி அகலத்துக்குக் குப்பைக் கோடா? உங்களுடையது எஸ்எச்1106. அந்தச் சிப்பின் நினைவகம் 132 பத்தி (நெடுவரிசை) அகலம், கண்ணாடியோ 128. நடுவில் உட்காரவைத்திருப்பதால் இரண்டு பத்தி தள்ளிப்போகிறது. எஸ்எஸ்டி1306 கோடுக்கு இது தெரியாது. யு8ஜி2-இல் எஸ்எச்1106 வரியைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். எழுத்து வரிக்கு வரி இடைவெளி விட்டுச் சிதறித் தெரிந்தால் கோடில் உயரம் 32 என்று இருக்கிறதா பாருங்கள், 64 ஆக்குங்கள்.

கைபேசி கேமராவில் மட்டும் திரையின் மேல் கறுப்புப் பட்டை ஓடுகிறதா? விடுங்கள். திரை வரி வரியாக எரிவதைக் கேமரா அப்படிப் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது கோளாறு அல்ல.

மற்ற திரைகள், சுருக்கமாக

எஸ்டி7735 கலர் திரை வெள்ளையாகவே நின்றால் பின்வெளிச்சம் மட்டும் எரிகிறது, கட்டளை போகவில்லை. டிசி, ஆர்இஎஸ் வயர்களைப் பாருங்கள். சிவப்பும் நீலமும் இடம் மாறினாலோ ஓரத்தில் குப்பை வந்தாலோ தொடக்க வரியில் பிளாக்டேப், கிரீன்டேப், ரெட்டேப் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எஸ்டி7789 சதுரத் திரையில் சிஎஸ் பின் இல்லையென்றால் எஸ்பிஐ மோட் 3 கொடுக்க வேண்டும். டிஎம்1637 நாலு இலக்கத் திரைக்கும் இரண்டே தகவல் வயர்தான், ஆனால் அது ஐ2சி அல்ல. ஸ்கேனரில் வராது, வரவில்லை என்று கவலைப்படவும் வேண்டாம்.

எரிகிறது, ஆனால் பொய் சொல்கிறது

அக்கா மகன் பின்களுக்குச் சாலிடர் வைத்து, அந்த ஓஎல்இடியில் ஒரு வெப்பமானி செய்து முடித்தான். அடுத்து முதுகுப் போர்டு வைத்த எல்சிடியில் தண்ணீர்த் தொட்டி அளவு காட்ட வேண்டும் என்றான். 100 சதவீதம் வரை சரியாகக் காட்டியது. தண்ணீர் இறங்கியதும் திரையில் 990. "மாமா, தொட்டி நிரம்பி வழியுது போல" என்று ஓடி வந்தான்.

தொட்டியில் தவறில்லை. 100 என்று மூன்று இலக்கம் எழுதிய இடத்தில் 99 என்று இரண்டு இலக்கம் எழுதினால், மூன்றாவது இடத்தில் பழைய சுழியம் அப்படியே நிற்கும். எல்சிடி நாம் அழிக்கச் சொல்லாததை அழிக்காது. எண்ணுக்குப் பின்னால் இரண்டு வெற்றிடம் சேர்த்து எழுதினால் போதும். ஒவ்வொரு தடவையும் முழுத் திரையையும் அழித்து எழுதலாமே என்று தோன்றும். எழுதலாம், ஆனால் திரை சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

மோட்டார் அல்லது ரிலே ஓடும்போது மட்டும் திரையில் புரியாத குறிகள் வந்தால் அது மின்சாரக் குறை. மோட்டார் சட்டென்று இழுக்கும்போது வோல்ட் இறங்கி எல்சிடி தடுமாறுகிறது. மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள், ஜிஎன்டியை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இணையுங்கள். எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்கள் ஒரு முழத்துக்கு மேல் நீண்டு கிடந்தால் குறையுங்கள்.

உண்மையிலேயே செத்ததா?

ஸ்கேனரில் முகவரி வருகிறது என்றால் திரை முழுவதையும் வெள்ளையாக நிரப்பும் ஒரு சின்னக் கோடை ஏற்றுங்கள். எப்போதும் அதே இடத்தில் சில வரிகள் மட்டும் எரியாமல் இருந்தால் கண்ணாடியோ, அதையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய ரிப்பனோ போய்விட்டது. அந்த ரிப்பனைச் சரிசெய்ய வழியில்லை. ஓஎல்இடியை எடுக்கும்போது கண்ணாடியைப் பிடிக்காமல் போர்டின் விளிம்பைப் பிடித்தால் இது வராது.

முகவரியே வரவில்லை என்றால், வேறு நாலு வயர், வேறு ஆர்டுயினோ, சரியான வோல்ட், நல்ல சாலிடர் என்று மாற்றிப் பாருங்கள். அத்தனைக்கும் பதில் இல்லை, தொட்டால் சுடவும் செய்கிறது என்றால் அந்தத் திரை போய்விட்டது. அதை உடனே எறியாதீர்கள். சாலிடர் வைக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல போர்டு கிடைக்காது. அக்கா மகன் நான் சுட்டுத் தீர்த்த அந்தப் பழைய திரையில்தான் நாலு பின்னையும் ஆறு தடவை எடுத்து வைத்துப் பழகிவிட்டு, அப்புறம் தன்னுடையதில் அயர்னை வைத்தான்.